இரண்டு பள்ளிகளின் மணி

கொட்டச்சேடு
2 பிப்ரவரி 2025

கவிதாவுக்கு,

நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது போனை வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் உன் அஸ்தம்பட்டி வீட்டு மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நாம் ஒத்துப்போன விஷயத்தை முதலில் சொல்கிறேன். உன் மகள் தீபிகா அந்தச் சேலத்துப் பிராய்லர் பள்ளியில் இனி ஒரு வருஷம்கூட இருக்க வேண்டாம். பத்து வயதுப் பெண்ணை விடியுமுன் உட்கார வைத்து டெஸ்ட் எழுத வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் டைரியில் “வாய் அதிகம்” என்று எழுதி அனுப்புகிறார்கள். ஜூன் மாதம் அவள் ஏற்காட்டில் ஆறாம் வகுப்பு சேரட்டும். வார நாட்களில் என் வீட்டில் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை மலை இறங்கட்டும். இதில் உனக்கும் எனக்கும் உன் வீட்டுக்காரர் பாலகுமாருக்கும் சண்டை இல்லை.

சண்டை, எந்தப் பள்ளி என்பதில். நீ “குறிஞ்சி வெளி” என்கிறாய். பெயரைக் கேட்டால் பள்ளி மாதிரியா இருக்கிறது? ஏதோ ஹோட்டல் மாதிரி இருக்கிறது.

நான் புனித அகத்தா கான்வென்ட்டில் படித்தவள். இந்தக் கொட்டச்சேட்டிலிருந்து அங்கே போன முதல் பெண். நேற்று மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் மாறவில்லை கவிதா! தாழ்வாரம் கண்ணாடி போல இருக்கிறது. பெண்கள் இடப்பக்கமாகவே நடக்கிறார்கள். தலைமை ஆசிரியை சிஸ்டர் மரியா என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பழைய மாணவியின் உறவுக்கு இடம் உண்டு என்று அவர் வாயாலேயே சொன்னார்.

பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. உனக்கு அந்த மணியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அது அடித்தால் யார் எங்கே இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது தரம் அடிக்கும் வரை. சிஸ்டரும் நானும் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இன்றும் கடைவீதியில் காய் வாங்கும்போது அந்த மணி காதில் விழுந்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். காய்கறிக் கடை வேலம்மாளுக்கு இது தெரியும். நான் பேரம் பேச ஆரம்பித்தால் மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

தீபிகாவின் வாய்க்கு அந்த மணி வேண்டும். யோசித்துப் பதில் எழுது.

இப்படிக்கு,
மு. பாவாயி


சேலம்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

கவிதா வணக்கமாக எழுதுவது. போனை வைத்தது தப்புதானுங்க. ஆனா நீங்க “உன்னைச் சரியாக வளர்க்கவில்லை உன் அப்பன்” என்று சொன்ன வாக்கியத்தின் நடுவில்தான் வைத்தேன். உங்க அண்ணனைத்தானே சொன்னீங்க? அவரே கேட்டிருந்தாலும் வைத்திருப்பார்.

ஏனுங்க அத்தை, அவ வாயை மூடறதுக்குத்தான் சேலத்திலேயே ஆள் இருக்காங்களே, அதுக்கு எதுக்கு இருபது வளைவு ஏறி மலைக்கு வரணும்? அவ ஒரு கேள்வி கேட்டா டீச்சர் சந்தோஷப்படற இடம் ஒண்ணு இருக்கணும்னுதான் நான் இவ்வளவு அலையறேன். எனக்கு மார்க் வேண்டாம். எம்பொண்ணு வாடிப் போகாம இருந்தா போதும்.

இங்கே நான் வேலை பார்க்கிற லேப்பில் ரத்தம் கொடுக்க வருகிற அம்மாக்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பேச்சுத்தான் பேசுகிறார்கள். “அகத்தாவா? ஐயோ, அங்க சிரிக்கிறதுக்கும் பர்மிஷன் லெட்டர் எழுதணும்”னு ஒருத்தர். “குறிஞ்சி வெளியா? அங்க படிச்ச பையன் மரத்துல நல்லா ஏறுவான், அவ்வளவுதான்”னு இன்னொருத்தர். ஊசி குத்தினது தெரியாமல் சண்டை போடுகிறார்கள்! ஒரு விதத்தில் எனக்கு வேலை சுலபம்.

நீங்க நியாயம் தப்பாதவங்கனு ஊரே சொல்லும். அப்படீன்னா ஒரு பள்ளியை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா? வர்ற சனிக்கிழமை குறிஞ்சி வெளியில் பெற்றோர் வந்து பார்க்கலாமாம். குப்பனூர் ரோட்டில், கொஞ்சம் இறங்கினதும். நீங்களே போய் உங்க கண்ணால் பார்த்து எழுதுங்க. நல்லது இருந்தா நல்லதையும் எழுதணும். கான்வென்ட் மேல் சத்தியம்.

உங்கள் மருமகள்,
கவிதா


கொட்டச்சேடு
16 பிப்ரவரி 2025

கவிதாவுக்கு,

போனேன். பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு இருக்கிறது சொல்ல!

வாசலில் செருப்புகள் நாலா பக்கமும் கிடக்கின்றன. ஜோடி தேடுவதற்கே ஒரு பீரியட் வேண்டும். பள்ளியை நடத்துகிற அம்மாவின் பெயர் சிவசக்தி. பிள்ளைகள் அவரை “சிவசக்தி அக்கா” என்று கூப்பிடுகிறார்கள். அவரும் “என்ன சாமி?” என்கிறார். ஒரு பையன் வகுப்பு நடக்கும்போதே ஜன்னல் வழியாக வெளியே போய், கொய்யாப்பழத்தோடு கதவு வழியாக உள்ளே வந்தான். டீச்சர் அவனிடம் பாதிப் பழம் வாங்கிக்கொண்டாள்.

பிறகு மைதானத்தில் ஹாக்கி. நன்றாகத்தான் ஆடினார்கள். நான் பக்கத்தில் நின்ற டீச்சரிடம் கோல் எத்தனை என்று கேட்டேன். “நாங்க எண்ணறதில்லீங்க அம்மா, ஆட்டந்தான் முக்கியம்” என்றாள். எண்ணாத ஆட்டம் என்ன ஆட்டம்? நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். ஐந்துக்கு ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை, கேட்காத இடத்தில் சொல்வது மரியாதை இல்லை.

வந்திருந்த பெற்றோர்களில் சுதாராணி என்று ஒரு பெண். மூத்த மகள் அகத்தாவில், இளையவள் இங்கே. அவளை உட்கார வைத்து இரண்டு பள்ளியையும் விசாரித்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நியாயம் என்றாயே: “பெரியவ ஊட்டுக்கு வந்தா செருப்பை ஜோடி சேர்த்து வெப்பா. என்ன நடந்துச்சு கண்ணுன்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பா. சின்னவ செருப்பைத் தொலைச்சுட்டு வருவா. ஆனா படுக்கற வரைக்கும் வாய் ஓயாது. எது நல்ல பள்ளிக்கூடம்னு என்னைக் கேக்காதீங்கம்மா, எனக்கு ரெண்டு புள்ளையும் வேணும்.” அங்கே கொடுத்த காப்பியைக் குடித்தேன். காப்பி நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

இப்போது முக்கியமானது. அங்கேயும் ஒரு மணி இருக்கிறது! சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருக்கிறார்கள். திடீரென்று அடித்தது. நான் என் வழக்கப்படி எழுந்து, கையைக் கட்டி, வாயை மூடி நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு, ஏதோ முறை போலிருக்கிறது என்று பெற்றோர் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பார்த்தால், மணியை அடித்தவன் ஒரு சின்னப் பையன். அங்கே எந்தப் பிள்ளைக்கு எந்தக் குறை இருந்தாலும் அடிக்கலாமாம். அடித்தால் பெரியவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்க வேண்டுமாம். “உப்புமால இஞ்சி ஜாஸ்தி” என்றான் அவன். சிவசக்தி அம்மாள் குனிந்து அவன் முகத்துக்கு நேராக நின்று கேட்டார். நாளை குறைக்கச் சொல்கிறேன் என்றார். அவன் போய்விட்டான்.

இஞ்சிக்காக இத்தனை பேர் எழுந்து நின்றோம் கவிதா. நான் பஸ்ஸில் வரும்போது கோபமாக இருந்தேன். வீட்டுக்கு வந்தும் கோபம் இருந்தது. எதன்மேல் என்றுதான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் என் தீர்ப்பு அகத்தா. அங்கே எண்ணுவார்கள்.

இப்படிக்கு,
மு. பாவாயி


சேலம்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் குறிஞ்சி வெளிக்குப் போனோம். உங்களையும் கூப்பிட்டேன், மிளகு பறிக்கிறேன்னு வரலை. வந்திருந்தா என் மானம் போனதை நேரிலேயே பார்த்திருக்கலாம்.

காலையில் எல்லாம் நொம்ப நல்லா இருந்துச்சு. தீபிகாவைப் பிள்ளைகளோட ஹாக்கி ஆட விட்டாங்க. அவ மட்டையைப் பிடிச்சது இதுதான் முதல் தடவை. எம்பொண்ணா இதுனு ஆயிடுச்சு எனக்கு! மூஞ்சியெல்லாம் சிவந்து, முடி பறக்க, அப்படி ஓடுறா. நான் பாலகுமார்கிட்ட, “பாருங்க, இதுதான் நம்ம பள்ளிக்கூடம்”னு சொல்லி வாயை மூடலை, மணி அடிச்சுது.

அடிச்சது நம்ம தீபிகா.

பெற்றோர், டீச்சர், சிவசக்தி அம்மா எல்லாரும் வந்து நின்னாச்சு. அவ மரத்தடியில் மட்டையை ஊன்றி நின்னுக்கிட்டு சொல்றா: “நான் நாலு கோல் அடிச்சேன். யாருகிட்டப் போய்ச் சொன்னாலும், எல்லாரும் நல்லா ஆடுனோம் கண்ணுங்கறாங்க. எல்லாரும் நல்லா ஆடலை. அந்தப் பச்சைச் சட்டை அக்கா ஓடவே இல்லை. ஏன் எண்ண மாட்டேங்கறீங்க?”

பச்சைச் சட்டை பக்கத்திலேயே நிற்குது அத்தை.

சிவசக்தி அம்மா பொறுமையா, தோத்தவங்களுக்கு வருத்தமா இருக்கும்ல சாமின்னு சொன்னாங்க. அதுக்கு இவ, “எனக்குத் தோத்தா வருத்தமா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். கான்வென்ட்ல போர்டுல எழுதி வெப்பாங்களாம், கொட்டச்சேட்டு அத்தை சொன்னாங்க. நான் அங்கயே போறேன்” என்றாள். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. பாலகுமார் செருப்பைத் தேடற சாக்கில் நகர்ந்துட்டார்.

நான் தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடத்தில், அவங்க மணியையே அடிச்சு, எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டா. நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

கவிதா


கொட்டச்சேடு
28 பிப்ரவரி 2025

அன்புள்ள கவிதாவுக்கு,

நான் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. போர்டில் எழுதுவார்கள் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலு கோலா? முதல் தடவையே நாலு கோலா!

சரி. நான் இப்போது எழுதப் போவதைப் படித்து நீ சிரிக்கக் கூடாது. அவளைக் குறிஞ்சி வெளியிலேயே சேர்த்துவிடு.

அத்தனை பேர் நடுவில் நின்று, தன் மனதில் இருப்பதை நாக்குக் குழறாமல் சொல்லியிருக்கிறாள். நான் அகத்தாவில் படித்த காலத்தில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அங்கே பெண்களை நன்றாக வளர்ப்பார்கள். மட்டுமரியாதை தெரியும், கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். ஆனால் கேள்வி கேட்பதற்கு அங்கே ஒரு கதவு கிடையாது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. தீபிகாவுக்கு வேண்டியிருக்கும். நாலு மாதத்தில் அவள் சுதாராணியின் மூத்த மகள் மாதிரி “ஒண்ணுமில்லை” என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தால், அதை நான் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நியாயம் என்றாய். இதுதான் நியாயம்.

அன்புடன்,
அத்தை


சேலம்
9 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

சிரிக்காமல் எப்படிங்க இருப்பேன்! ஒரு மாசம் அகத்தா அகத்தானு என் உயிரை எடுத்தீங்க. இப்ப நான் அகத்தாவுக்குத் தலையாட்டினா நீங்க வேண்டாங்கறீங்க. பாலகுமார் சொல்றார்: “உங்க அத்தைக்கும் உனக்கும் பள்ளிக்கூடம் முக்கியமில்ல, எதிர்க்கட்சிதான் முக்கியம்”னு.

எனக்கும் பயம்தான். ஆனா அவ வாயைத் திறந்து கேட்டதை நான் தரலைன்னா, அப்புறம் கேள்வி கேட்க இடம் வேணும்னு நான் அலைஞ்சதுக்கு என்ன அர்த்தம்? அதனால் நேற்று அகத்தாவில் நேர்முகம் முடிஞ்சுது. எங்களை ஒரு அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தாங்க. நீங்க முன்னாடி போனில் சொன்ன மாதிரியே ஒரு சிஸ்டர் ஓரமா நின்னு, யார் கோப்பையை எப்படி வைக்கிறாங்கன்னு பார்த்தாங்க. பாலகுமார் சாசரில் ஊத்திக் குடிக்கப் போனார், காலை மிதிச்சேன்.

இடம் கிடைச்சாச்சு. டே ஸ்காலர். ஜூன் மாதம் உங்க பொறுப்பு. அவ வாய் மூடுச்சுன்னா முதல் கடிதம் எனக்கு வரணும்.

கவிதா


கொட்டச்சேடு
6 ஜூலை 2025

அன்புள்ள கவிதாவுக்கு,

உன் மகளை நீ வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறாய். ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை அவள் எப்படி இருக்கிறாள் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

செருப்பை ஜோடி சேர்த்து வைக்கிறாள். இடப்பக்கம் நடக்கிறாள். உறவுமுறைக்கு நான் அவளுக்குப் பாட்டி. ஆனால் உன்னைப் போலவே என்னை அத்தை என்றே கூப்பிடுகிறாள். நான் திருத்தவில்லை. இதெல்லாம் நல்லது.

நல்லதல்லாதது ஒன்று. அகத்தா ஹாக்கி அணியில் டே ஸ்காலர்களுக்கு இடம் இல்லை. ஹாஸ்டல் பெண்கள் மட்டும்தான். பயிற்சி சாயங்காலம் வைக்கிறார்கள், அது முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். என் காலத்திலும் இதே விதிதான். கொட்டச்சேட்டிலிருந்து நடந்து வந்து நடந்து போனவள் நான், எங்கே ஆடுவது? வேலிக்கு வெளியே நின்று, தாண்டி வரும் பந்தை எடுத்து உள்ளே போடுவேன். நான் வருத்தப்பட்டதில்லை.

இதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். டே ஸ்காலர் என்று நீ எழுதியபோதும் எனக்கு உறைக்கவில்லை. அந்த விதி எனக்கு அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

அவள் இப்போது தோட்டத்தில் கொய்யாக் கம்பை வைத்துக்கொண்டு விழுந்த பேரிக்காய்களை அடிக்கிறாள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள் மலர் அதே வகுப்பு, அவளும் பஸ்ஸில் வருகிறவள். இரண்டு காப்பிச் செடிக்கு நடுவில் நின்று தடுக்கிறாள். எண்ணுகிற வேலை எனக்கு.

செவ்வாய்க்கிழமை கேட்டாள். “அத்தை, இதை யார்கிட்டக் கேக்கணும்?”

“விதி என்றால் விதி கண்ணு. அங்கே அப்படிக் கேட்பதற்கு வழக்கம் இல்லை.”

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்லை.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அன்று சாப்பிடும்போதும் பேசவில்லை. மறுநாள் பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லை” என்றாள்.

முதல் கடிதம் உனக்கு வர வேண்டும் என்றாய். இது அந்தக் கடிதம்.

அத்தை


சேலம்
16 ஜூலை 2025

அத்தை,

இதைக் குறிஞ்சி வெளிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு வருகிற ஜீப் டிரைவர் காளியப்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவர் கையிலேயே கொடுங்க.

பள்ளியிலிருந்து போன் வந்துச்சு. “உங்கள் மகள் மணிக்கயிற்றை இழுத்துவிட்டாள், நாளைக் காலை கார்டியன் வர வேண்டும்” என்று மட்டும் சொன்னாங்க. ஏன், எதுக்குன்னு கேட்டா, சிஸ்டர் நேரில் சொல்வாங்கன்னு வெச்சுட்டாங்க. உங்க ஊட்டுக்கு எத்தனை தடவை போன் போட்டாலும் டவர் இல்லைங்குது. பாலகுமார் கோயமுத்தூரில் இருக்கார். லேப்பில் எனக்கு லீவு இல்லை. இன்னிக்கு யாருக்கும் ஊசி போடலை, எல்லாரையும் பக்கத்து மேசைக்கு அனுப்பிட்டேன்.

அவளை அனுப்பிடுவாங்களா? அனுப்பினா அனுப்பட்டும், அவளைத் திட்டாதீங்க. உங்க கான்வென்ட் மானத்துக்காக அவளைத் திட்டினீங்கன்னா, நான் மலை ஏறி வந்து கூட்டிட்டுப் போயிடுவேன், அப்புறம் நமக்குள்ள பேச்சு கிடையாது.

கவிதா


கொட்டச்சேடு
17 ஜூலை 2025

கண்ணு கவிதா,

காளியப்பன் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறான். நிற்கட்டும். இதை முழுதாக எழுதாமல் நான் விடப் போவதில்லை!

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் உன் மகள் வகுப்பிலிருந்து எழுந்து, தாழ்வாரத்தில் இருக்கும் மணிக்கயிற்றை இழுத்திருக்கிறாள். குறிஞ்சி வெளியில் பழகினதுதான், வேறென்ன? குறை இருந்தால் அடிக்கலாம் என்று ஒரு தடவை கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆனால் அகத்தாவில் அந்த மணி அடித்தால் என்ன ஆகும்? நினைத்துப் பார்! பள்ளி முழுக்க அப்படியே நின்றுவிட்டது. கணக்கு டீச்சர் கையில் சாக்பீஸ். சமையல்காரம்மா கையில் கரண்டி. சிஸ்டர் மரியா மாடிப்படியில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. வாய் திறக்க ஒருவருக்கும் உரிமை இல்லை, இரண்டாவது மணி அடிக்கும் வரை. இரண்டாவது மணியை அடிக்க வேண்டிய கயிறு தீபிகாவின் கையில்!

அந்த அமைதியில் அவள் பேசியிருக்கிறாள். மலர்தான் எனக்கு ஒப்பித்தாள். “நானும் மலரும் பஸ்ஸில் வர்றோம். அதனால எங்களுக்கு மட்டை கிடையாதுங்கறீங்க. பஸ்ஸு போயிடும்னா ஆட்டத்தைக் காலையில வெக்கலாமில்ல? எங்க அத்தையும் இங்கதான் படிச்சாங்க, அஞ்சு வருசம் வேலிக்கு வெளிய நின்னு பந்து பொறுக்கினாங்க. நான் பொறுக்க மாட்டேன். அவ்வளவுதான் சிஸ்டர்.” சொல்லி முடித்துவிட்டு ஒழுங்காக இரண்டாவது மணியையும் அடித்துவிட்டு வகுப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்று காலை நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். படித்த காலத்தில் ஒரு தடவைகூட அந்த அறைக்கு என்னைக் கூப்பிட்டதில்லை. இந்த வயதில் கூப்பிட்டுவிட்டார்கள்.

சிஸ்டர் மரியா சொன்னார்: “பாவாயி அம்மா, நீங்கள் எங்கள் பழைய மாணவி. இதற்கு நீங்களே என்ன சொல்கிறீர்கள்?”

நான் கேட்டேன்: “மணி அடித்த பிறகு பிள்ளைகள் யாராவது பேசினார்களா சிஸ்டர்?”

“இல்லை. ஒருவரும் பேசவில்லை.”

“டீச்சர்கள்?”

“இல்லை.”

“நீங்கள்?”

“நான் எப்படிப் பேசுவேன்?”

“அப்படியென்றால் பள்ளி தன் விதியைக் காப்பாற்றியிருக்கிறது. விதியை மீறியது ஒரு குழந்தை. அதற்குத் தண்டனை கொடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அவள் கேட்டதை எல்லோரும் முழுதாகக் கேட்டுவிட்டீர்கள். கேட்ட பிறகு பதில் சொல்லாமல் இருப்பது நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த மரியாதையில் இல்லை.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே, “அஞ்சு வருஷம் பந்து எடுத்தீர்களா?” என்றார்.

“ஆமாம் சிஸ்டர். நன்றாக எடுத்துப் போட்டேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காலைப் பனி.

தண்டனை: ஒரு வாரம் தினமும் புளி போட்டு அந்த மணியைத் துலக்க வேண்டும். பதில்: ஹாக்கிப் பயிற்சி இனிமேல் காலையில், பிரேயருக்கு முன்னால். முதல் பஸ்ஸில் வருகிற பெண்களும் சேரலாம். தீபிகா, மலர் இருவருக்கும் மட்டை கொடுத்தாகிவிட்டது. அவளை நான் திட்டவில்லை. வரும் வழியில் கடைவீதியில் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் கொட்டச்சேடு வரை அவள் வாய் ஓயவில்லை. எனக்குத் தலை வலிக்கிறது. நீ நிம்மதியாகப் போய் ஊசி போடு.

அன்புடன்,
அத்தை

பின்குறிப்பு: ஆகஸ்டில் அகத்தாவுக்கும் குறிஞ்சி வெளிக்கும் மேட்ச். லீவு எழுதிக் கொடுத்துவிடு. பாலகுமாரையும் கூட்டி வா, சாசரில் குடித்தாலும் பரவாயில்லை.


சேலம்
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

அகத்தா மைதானத்தில் மேட்ச் பார்த்துக் கத்தினதில் இன்னும் தொண்டை கட்டியே இருக்குங்க. லேப்பில் எல்லாருக்கும் சைகைதான்.

ஒரு பக்கம் அகத்தா பெற்றோர், நாற்காலியில் நேராக உட்கார்ந்து, ரெண்டு விரலால் கை தட்டிக்கிட்டு. இன்னொரு பக்கம் குறிஞ்சி வெளி பெற்றோர், புல்லில் உட்கார்ந்து, தம்பட்டம் அடிச்சுக்கிட்டு. சுதாராணி அக்கா பாவம், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமா நின்னுது. மூடுபனி இறங்கி வர, பாதி நேரம் பந்தே தெரியலை. மலர் ஒரு கோலைத் தடுத்தாளே, பனிக்குள்ளேயிருந்து கால் மட்டும் வந்துச்சு!

நீங்க நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, விரலை மடக்கி எண்ணிக்கிட்டிருந்தீங்க. கடைசியில் தீபிகா பந்தை எடுத்துக்கிட்டு ஓடினாளே, அப்பத்தான் அந்த மணி அடிச்சுது. அகத்தா மொத்தமும் கப்சிப். அவங்களுக்குப் பழக்கம் இல்லைன்னாலும், பார்த்துட்டு அந்தப் பக்கமும் தம்பட்டத்தை நிறுத்திட்டாங்க. ஆடறவங்க மட்டும் நிற்க வேண்டாம்னு சிஸ்டர் முன்னாடியே சொல்லிட்டதால, ஆடற பிள்ளைங்க கால் சத்தம் மட்டும்தான்.

அப்பத்தான் அத்தை, அத்தனை பேர் நடுவில் ஒரே ஒரு குரல்: “அடி கண்ணு! அடி! அடிச்சுத் தள்ளு!”

எந்திரிச்சு நின்னு, முந்தானையை இடுப்பில் சொருகி, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு. இது எங்க அத்தைதானானு பாலகுமார் எட்டிப் பார்த்தார். சிஸ்டர் மரியா உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. அவ அடிச்சா பாருங்க ஒரு கோல்!

நான் அப்புறமா சிஸ்டர்கிட்டப் போய், “வயசாயிடுச்சுங்க சிஸ்டர், அத்தைக்கு இப்பல்லாம் காது மந்தம், மணி கேட்டிருக்காது, தப்பா எடுத்துக்காதீங்க”ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்களும், “புரிகிறது, புரிகிறது”ன்னு சொன்னாங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க.

உங்கள்,
கவிதா


கொட்டச்சேடு
29 ஆகஸ்ட் 2025

கண்ணு கவிதா,

மேட்ச்சைப் பற்றி எழுதியிருக்கிறாய், ஆனால் கோல் கணக்கை எழுதவில்லை. குறிஞ்சி வெளிக்கு மூன்று, நமக்கு இரண்டு. நாம் தோற்றோம். தீபிகா வீட்டுக்கு வந்து அழுதாள், பிறகு சாப்பிட்டாள், பிறகு கொய்யாக் கம்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். சரியான வரிசை.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒன்றும் தெரியாமல் நம் பெண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எண்ணவில்லை, சரி. ஆனால் ஜெயித்தவர்களுக்கு ஜெயித்தது தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நானே கோட்டைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். “மூன்றுக்கு இரண்டு, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்” என்றேன். பச்சைச் சட்டைப் பெண் இருக்கிறாளே, அவள் கூச்சல் போட்டுக் குதித்தாள்! சிவசக்தி அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் காப்பி கொடுத்தார்கள்.

இப்போது நீ செய்த காரியத்துக்கு வருகிறேன். நாளை அகத்தாவுக்குப் போகிறேன். சிஸ்டர் மரியாவைப் பார்த்து, நீ சொன்னது தவறு என்று சொல்லப் போகிறேன். என் காதில் எந்தக் குறையும் இல்லை. காப்பித் தோட்டத்தில் பழம் விழுந்தால்கூட எனக்குக் கேட்கும்.

மணி எனக்கு நன்றாகக் கேட்டது.

இப்படிக்கு,
மு. பாவாயி